எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றவர்கள்

புதிதாக ஹால்ட் ஏஜென்சி எடுத்து, சின்ன ரயில் நிலையங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கப்போகும் தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் கூப்பிட்டபோது வந்து பேசாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பேருக்கு மேல் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை கண்ணைப் பிடித்துக்கொண்டதால் போன வருடம் ஏஜென்சியை விட்டுவிட்டேன். டிக்கெட் எங்கே வாங்கி வைப்பது, கணக்கை எப்படி ஒப்படைப்பது என்பதையெல்லாம் பெரிய ஸ்டேஷனில் சொல்லித் தருவார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அவர்கள் சொல்லித் தராதது ஒன்று உண்டு. உங்கள் ஹால்ட்டை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பது. உங்களில் பாதிப் பேருக்காவது அந்த நிலைமை வரும். எனக்கு வந்தது.

எங்கள் ஊர் ஓலைக்காட்டுப்புதூர். திருப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது. மெயின் லைன், இரண்டு தண்டவாளப் பாதை. வடக்குப் பக்கம் ஊர், பனியன் கம்பெனிக்காரர்கள் கட்டிவிட்ட லைன் வீடுகள், டிக்கெட் கொடுக்கும் என்னுடைய அறை, ஒரு வேம்பு, அதன் அடியில் ஒரு டீக்கடை. தெற்குப் பக்கம் ஒன்றுமில்லை. வெறும் பிளாட்பாரமும் அதற்குப் பின்னால் சீமைக்கருவேலமும்தான். திருப்பூர் போகும் வண்டி அந்தத் தெற்குப் பக்கத்துப் பாதையில்தான் வந்து நிற்கும். நடைபாலம் கிடையாது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் ஒரு ரயில்வே கேட் உண்டு. எதிர்ப்பக்கம் போக வேண்டுமானால் அந்தக் கேட் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

ஏஜென்சி எடுப்பதற்கு முன்னால் நான் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஆக்கினார்கள். யாரையும் அதட்டத் தெரியாததால் மூன்றே மாதத்தில் மறுபடி மெஷினுக்கே அனுப்பினார்கள். அப்புறம் இந்த ஏஜென்சி கிடைத்தது. சின்ன ஜன்னல் வழியாக ஒரு கை வரும், ஊர் பெயர் சொல்லும், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போகும். எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது.

கொரோனாவில் வண்டிகள் நின்றன. திரும்ப ஓட ஆரம்பித்தபோது எங்கள் ஊரில் எதுவும் நிற்கவில்லை. ஊரார் அலைந்து திரிந்து மனு கொடுத்த பிறகு, காலையில் திருப்பூர் போகும் ஒரு வண்டி மட்டும் சோதனைக்காக நிற்கும் என்றார்கள். ஆள் ஏறுகிறார்களா என்று பார்ப்பார்கள். ஏறினால் தொடரும், இல்லாவிட்டால் அதுவும் போகும். அந்த ஒரு வண்டியும் போய்விட்டால் ஸ்டேஷன் என்று சொல்ல என்ன இருக்கிறது? பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எனக்கு அந்தக் கவலை அப்போது இல்லை. காலையில் டீக்கடையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தை நான் தினமும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கட்டிங், டைலர், செக்கிங், அயர்ன் என்று எல்லா வேலைக்காரர்களும் அதில் உண்டு. திருப்பூரில் மண்ணரைக்குப் போகிறவர்கள், ராயபுரத்துக்குப் போகிறவர்கள். பெரும்பாலானவர்களிடம் சீசன் டிக்கெட் இருக்கும், இல்லாவிட்டால் போனிலேயே டிக்கெட் எடுத்துவிடுவார்கள். இவ்வளவு ஆள் இருக்கும்போது எவன் எடுப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கால் சரியில்லாத பெரியவர் ஒருவரை வண்டி ஏற்றிவிட, கேட்டைச் சுற்றி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போனேன். அன்றைக்குச் சிக்னல் விழாமல் வண்டி கொஞ்சம் கூடுதலாக நின்றது. கடைசிப் பெட்டியில் கொடி வைத்துக்கொண்டு நிற்கிற கார்டு ஒரு இளம்பெண். சேலத்துப் பக்கம். இப்போது அந்த வேலைக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், நாம் இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறோம். ஊரில் அவரைக் கார்டம்மா என்பார்கள். அவர் குனிந்து என்னிடம் கேட்டார்.

“ஏஜென்ட் சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஊர்ல யாரு இருக்காங்கன்னு வண்டிய நிப்பாட்டறாங்க?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று தினமும் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், ஒருநாள் இரண்டு, ஒருநாள் மூன்று என்று எழுதி வருவதாகவும் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நான் மட்டும்தான், பெரியவர் ஏறிவிட்டார். ஒரு நாய் படுத்திருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம், முன் பெட்டிகளில் ஆட்கள் ஏறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

எங்கள் ஊர்ப் பழக்கம் இதுதான். கேட் சாத்தும் வரை வேம்படியில் டீ குடிப்பார்கள். கேட் சாத்தின பிறகும் குடிப்பார்கள். வண்டி வந்து நின்றவுடன் இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டி, இரண்டு பாதைக்கும் நடுவில் ஜல்லியில் நின்று, வண்டியின் ஊர்ப் பக்கத்துக் கதவு வழியாக ஏறுவார்கள். மேலே இருப்பவர் கை கொடுப்பார், கீழே இருப்பவர் பையைத் தூக்கிக் கொடுப்பார். ஒரு நிமிடத்தில் ஊரே ஏறிவிடும். வெயிலில் நிற்க வேண்டியதில்லை, சுற்றி நடக்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் என் ஜன்னலுக்கு நேராக நடந்ததுதான். ஒருநாள்கூட அதை வண்டிப் பக்கத்திலிருந்து நான் யோசித்ததில்லை.

கார்டம்மாவிடம் சொன்னேன். அவர் தன் பெட்டியின் மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மாறியிருந்தது. அவர்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

“எப்படிங்க சார் எழுதறது? தண்டவாளத்துல நின்னு ஏறுனாங்கன்னா? பிளாட்பாரத்துல நிக்கறவங்களத்தான் நான் எழுத முடியும்.” சிக்னல் விழுந்துவிட்டது. கொடியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “இன்னைக்கு நான் அந்தப் பக்கம் பாக்கல. தினமும் பாக்காம இருக்க முடியாதுங்க.”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. நம் ஸ்டேஷனைக் காப்பாற்ற இன்னொருத்தரைப் பொய் எழுதச் சொல்லும் ஆசை உங்களுக்கும் வரும். அந்த ஆசையில் நாளைக் கழிக்காதீர்கள். அவர் எழுதுகிற மாதிரி நம் ஆட்களை நிற்க வைப்பதுதான் நம் வேலை.

எனக்கு அது எளிதான வேலையாக இருக்கவில்லை. மறுநாள் காலை வேம்படிக்குப் போய் நின்றேன். டீக்கடை நடத்துவது ஸ்டெல்லா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் மகள் ஜெனி மண்ணரையில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் வேலுசாமி, கட்டிங் மாஸ்டர், உள்ளூர்க்காரர், வாய் கொஞ்சம் நீளம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இனிமேல் எல்லாரும் கேட்டைச் சுற்றிப் போய் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று ஏறினால் நல்லது என்று சொன்னேன். முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கேட்டிருக்கும்.

“ஏனுங்க ஏஜென்ட்டு,” என்றார் மாஸ்டர், “நீங்க பேசறது உங்க சட்டப் பொத்தானுக்காவது கேக்குதுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், அதுதான் என் பழக்கம். மறுபடி சொன்னேன். மாஸ்டர் விளையாட்டை விட்டுவிட்டுப் பேசினார். அந்தப் பக்கம் ஒரு நிழல் உண்டா, மழைக்கு ஒதுங்க ஒரு தகரம் உண்டா, காலையில் கால்மணி நேரம் முகத்துக்கு நேராக வெயில் வாங்கிவிட்டு, பிறகு பன்னிரண்டு மணி நேரம் நின்று துணி வெட்ட முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஸ்டெல்லா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அண்ணாச்சி, எல்லாத்தையும் அந்தப் பக்கம் ஓட்டிட்டா நான் யாருக்கு டீ ஊத்த? உங்களுக்கும் அந்த நாய்க்குமா?”

ஸ்டெல்லாவின் நாள் வியாபாரத்தில் பெரும்பகுதி, கேட் சாத்தின பிறகு வண்டி வரும் வரை உள்ள அந்த நேரத்தில்தான். அதுவும் எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் டிக்கெட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு எதிர்ப் பிளாட்பாரத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் வேண்டுமென்றால் இங்கே வரட்டும் என்று. வந்தவர்கள் வெளியூருக்குப் போகிற நான்கைந்து பேர். சீசன் வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் என்ன வேலை? வடநாட்டுப் பையன் ஒருவன் வந்து ஹவுராவுக்கு டிக்கெட் கேட்டான். என்னிடம் பக்கத்து ஊர்களுக்கு மட்டும்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், திருப்பூரில் எந்தக் கவுன்டர் என்று விளக்கிச் சொன்னேன். அவன் நன்றி சொல்லிவிட்டு இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி வேம்படிக்கே போய் மற்றவர்களோடு நின்றான். அங்கிருந்து மாஸ்டர் எனக்குக் கை காட்டினார். குடை நன்றாக இருக்கிறது என்று ஜாடை.

இப்படி வெட்கப்பட்டுக்கொண்டு சில நாள் போயின. நான் விடவில்லை. தினமும் ஒவ்வொருத்தராகத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். ஒருத்தரிடம் என்றால் எனக்குப் பேச வரும். சரிங்க, சரிங்க என்பார்கள். கொங்குப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். போய் நின்றது மட்டும் பழைய இடத்தில்தான்.

அப்புறம் அந்தக் காலை வந்தது.

அன்றைக்கு நான் வேம்படியில் இருந்தேன். வண்டி வந்து எதிர்ப் பாதையில் நின்றது. கூட்டம் வழக்கம்போல இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தைத் தாண்டி நடுவில் இறங்கிவிட்டது. பாதிப் பேர் ஏறியிருப்பார்கள். அப்போது கிழக்கே போகிற எக்ஸ்பிரஸ் ஒன்று, எங்கள் பக்கத்துப் பாதையில், வளைவைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது சில நாள் நேரம் தவறி வரும். அன்றைக்கும் அப்படித்தான், யாரும் எதிர்பார்க்கவில்லை.

நடுவில் நின்றவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும் வண்டி, முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கும் வண்டி. இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. வண்டியோடு ஒட்டி அசையாமல் நின்றால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் பயந்த ஆளுக்கு வீட்டுப் பக்கம் ஓடத்தான் தோன்றும். வீட்டுப் பக்கம் ஓடுவது என்றால் எக்ஸ்பிரஸுக்கு முன்னால் ஓடுவது.

ஜெனி கடைசியாக நின்றிருந்தாள். அவள் திரும்பிவிட்டாள். ஒரு கால் தண்டவாளத்துக்கு அருகில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்குப் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா கத்தினார்.

“ஏ ஜெனி, இங்கிட்டு ஓடியா! ஓடியா!”

என் குரல் அந்த ஹாரனுக்கு மேல் கேட்காது என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவை மறைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் விளிம்புக்குப் போய், இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தலைக்கு மேல் தூக்கினேன்.

இதைக் கம்பெனியில் வேலை செய்யாதவர்களுக்கு விளக்க வேண்டும். நிட்டிங் ரூமில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. அதனால் எங்கள் கம்பெனிகளில் பேச்செல்லாம் கையில்தான். ஊசி உடைந்தால் ஒரு ஜாடை, நூல் தீர்ந்தால் ஒரு ஜாடை. இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கினால், எதையும் தொடாதே, இருந்த இடத்தில் நில் என்று அர்த்தம். ஒருத்தர் மெஷினுக்குள் கை விட்டிருக்கும்போது காட்டுவது. வேலைக்குச் சேர்ந்தவுடன் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். இதைப் பார்த்தால் ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை, உடம்பு தானாக நின்றுவிடும்.

ஜெனி நின்றாள். நடுவில் இருந்த எல்லாரும் நின்றார்கள். நான் கையை இறக்கி மார்போடு சேர்த்து அழுத்திக் காட்டினேன். அதற்குக் கம்பெனியில் அர்த்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் புரிந்துவிட்டது. ஜெனி ஓரடி பின்வாங்கி வண்டியோடு ஒட்டினாள். மேலேயிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்தது. எக்ஸ்பிரஸ் எங்களுக்கு நடுவில் ஓடியது. அது போய் முடியும் வரை எதிர்ப்பக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

கடைசிப் பெட்டி கடந்தபோது எல்லாரும் இருந்தார்கள். ஜெனியின் தோளைப் பிடித்திருந்தவர் மாஸ்டர். அவர்கள் ஏறினார்கள், வண்டி போனது. ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். கையைத் தூக்கினது பெரிய காரியமில்லை, அது யோசிக்காமல் வந்தது. யோசித்துச் செய்ய வேண்டியது அதற்குப் பிறகுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பியவுடன் மாஸ்டரும் இன்னும் சிலரும் என் வீட்டுக்கு வந்தார்கள். இதை மேலே சொல்லப் போகிறீர்களா என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் மாஸ்டரே சொன்னார்.

“சொன்னீங்கன்னா நாளைக்கே ஸ்டாப்பத் தூக்கிருவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே. நம்ம ஊட்டு விசயம், நம்மளோட போகட்டுமுங்க.”

அவர் என்னை மிரட்டவில்லை. கெஞ்சினார். இந்த வண்டி இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், சில பெண்கள் வேலையையே விட வேண்டியிருக்கும். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஸ்டாப் போனால் ஏஜென்சி போகும். இந்த வயதில் எந்த நிட்டிங் ரூமில் என்னைச் சேர்ப்பார்கள்?

நான் இப்படி யோசித்தேன். எக்ஸ்பிரஸ் ஓட்டியவர் நடுவில் நின்ற கூட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் சொல்லாமல் இருக்க மாட்டார். கார்டம்மாவும் சொல்லியாக வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டால் மேலே போவது அவர்கள் சொன்னது மட்டும்தான், அதற்கு முடிவும் ஒன்றுதான். நானே போய்ச் சொன்னால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லலாம். இதெல்லாம் இல்லாவிட்டாலும் ஜெனியின் கால் நின்ற இடத்தை நான் பார்த்தேன். மறுபடி ஒருமுறை அந்த ஜாடை வேலை செய்யும் என்று யார் சொல்ல முடியும்?

“நாளைக்குக் காலைல போய்ச் சொல்லப் போறேனுங்க மாஸ்டர்,” என்றேன்.

“அப்பறம் ஊர்ல எப்படி இருப்பீங்க?”

“தெரியலீங்க.”

அவர்கள் எழுந்து போனார்கள். யாரும் போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் பெரிய ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கேட்டவர்கள் முகம் போன போக்கைப் பார்த்தும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். ஆட்கள் இருக்கிறார்கள், தப்பான பக்கம் நிற்கிறார்கள், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு அதிகாரி நேரில் வந்தார். என்னோடு கேட் ரோடு வழியாக நடந்து எதிர்ப் பிளாட்பாரத்தைப் பார்த்தார். முட்செடியைப் பார்த்தார். ஸ்டாப்பை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆள் செத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கேட் சாத்துவதற்கு முன்னால் எல்லாரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுகிறேன், சோதனைக் காலம் முடியும் வரை விட்டுப் பாருங்கள் என்று கேட்டேன். அவர் பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்து திரும்பினார். பிறகு, நடுவில் ஒரே ஒரு ஆள் தென்பட்டாலும் அன்றைக்கே ஸ்டாப் ரத்து, மறுபேச்சு இல்லை என்றார். முட்செடியை வெட்டச் சொல்வதாகவும் சொன்னார். தகரம் எல்லாம் இப்போது ஆகாது.

“நீங்க பொறுப்பு எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க,” என்றேன்.

அவரை அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். பொறுப்பு எடுத்தாயிற்று, ஆட்களை யார் கொண்டுவருவது? கெட்ட செய்தியைக் கொண்டுபோனவன் என்று என்னிடம் பாதிப் பேர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

கொண்டுவந்தது நானில்லை. மறுநாள் காலை வேம்படிக்குப் போனபோது டீக்கடை அன்று வழக்கத்தைவிட முன்னதாகத் திறந்திருந்தது. எக்ஸ்பிரஸ் வந்த அந்தக் காலைக்குப் பிறகு அதுவரை ஸ்டெல்லா கடையே திறக்கவில்லை. நான் அதிகாரி சொன்னதை மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கீப்பர் சாத்துவதற்கு முன்னால் மணி அடிப்பார். அந்த மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டெல்லா அடுப்பை அணைத்தார். பால் பாத்திரத்தை மூடினார். டீ கேட்டவர்களுக்கு இல்லை என்றார். பால் இருக்கிறதே என்றான் ஒருவன்.

“இருக்கு. ஊத்த மாட்டேன். டீ வேணும்னா நாளைக்கு நேரத்தோட வாங்க.” அப்புறம் யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொன்னார்: “அன்னைக்கு எம் பிள்ளைய நான்தான் கூப்பிட்டேன். அவ என் பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு அவ இல்ல. ஏ ஜெனி, பைய எடு. எல்லாரும் நடங்க.”

யாரும் சிரிக்கவில்லை. டீ இல்லாத வேம்படியில் நிற்க யாருக்கும் காரணம் இல்லை. முதலில் பெண்கள் நடந்தார்கள், பிறகு பையன்கள், கடைசியாக மாஸ்டர். கேட்டைச் சுற்றி எதிர்ப் பிளாட்பாரத்தில் ஏறி வெயிலில் வரிசையாக நின்றார்கள். சிலர் துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கட்டிங் வேஸ்ட் துணியைத் தலையில் கட்டிக்கொண்டான். என்னைத் திட்டிக்கொண்டேதான் நின்றார்கள். எனக்கு அது காதில் இனிமையாக விழுந்தது.

வண்டி வந்து நின்றது. கார்டம்மா வழக்கம்போலக் கொடியோடு எட்டிப் பார்த்தவர் அப்படியே கீழே இறங்கிவிட்டார். பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

“இவ்வளவு பேரும் இந்த ஊருங்களா சார்?”

“ஆமாங்க.”

“இத்தன நாள் எங்க இருந்தாங்க?”

நான் எதிரே வேம்பைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஏறிக்கொண்டார். பிறகு மறுபக்கமும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடி காட்டினார். அன்றிலிருந்து அவர் இரண்டு பக்கமும் பார்ப்பார்.

ஸ்டெல்லாவுக்கு நஷ்டம் வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். முதலில் வந்தது. அப்புறம் ஜனங்கள் நேரத்தோடு வரப் பழகினார்கள். பழைய அளவு வியாபாரம் இன்றுவரை இல்லை. அதை அவர் என்னிடம் சொல்லிக்காட்டாத நாளும் இல்லை.

நீங்கள் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு நாள் எல்லாரும் நின்றுவிடுவார்கள். தினமும் நிற்க வேண்டும். மழை பெய்கிற நாளிலும், பண்டிகைக்கு மறுநாள் தூங்கி எழுந்து ஓடிவருகிற நாளிலும் நிற்க வேண்டும். ஒரே ஒரு ஆள் நடுவில் இறங்கினால் அத்தனை பேர் நின்றதும் வீண். அந்த மாதங்களில் தினமும் வண்டி நகரும் வரை என் கண் அந்த ஜல்லியில்தான் இருக்கும். நம் வேலையில் பாதி இப்படித்தான். நேற்றுக் காப்பாற்றியதை இன்றைக்கும் காப்பாற்ற வேண்டும்.

சோதனைக் காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது, ஒரு காலை மாஸ்டர் தாமதமாக வந்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அப்புறம் தெரிந்தது. அவர் வேம்படிக்கு ஓடிவரும்போது கேட் சாத்தியாகிவிட்டது, வண்டி எதிர்ப் பாதையில் நின்றுவிட்டது. அவருக்கு நேரே ஒரு கதவு திறந்திருந்தது. அவருடைய ஆட்கள் அதில் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பாதையில் எதுவும் வரவில்லை. நாலு எட்டு எடுத்து வைத்தால் ஏறிவிடலாம். அன்றைக்குப் பெரிய ஆர்டர், அவர் போகாவிட்டால் அங்கே கட்டிங் டேபிள் ஓடாது.

நான் பிளாட்பாரத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கையைத் தூக்கவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டம்மா எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கதவில் நின்ற பையன்களில் ஒருவன் பழக்கத்தில் கையை நீட்டினான். பக்கத்தில் இருந்தவன் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

மாஸ்டர் பையைத் தோளிலிருந்து இறக்கி வேம்பு மேடையில் வைத்தார். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சந்தோசமுங்களா ஏஜென்ட்டு? இன்னைக்கு என்னைய ரெண்டு பஸ்ஸு ஏற வெச்சுப்போட்டீங்க.”

“நாளைக்கு நேரத்தோட வந்துருங்க மாஸ்டர்.”

“வண்டி நிக்குமுங்களா நாளைக்கு?”

“நிக்குமுங்க,” என்றேன். இந்தத் தடவை என் குரல் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். மாஸ்டர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.